ஓரகத்தியின் கட்டுரை

அன்று காலை அந்த வீட்டில் எல்லோருக்கும் முன்னால் சூடேறியது இஸ்திரிப் பெட்டிதான்.

மாமனார் தன் வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தார். ரயில் நிலையத்து ஒலிபெருக்கியில் வண்டிகளின் வரவை அறிவித்து ஓய்வு பெற்றவர். அவர் ரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"சின்னப் பொண்ணு! எத்தனை மணிக்கு உன்னைக் கூப்பிடுவாங்க?"

"ஐயோ மாமா, இன்னிக்கு இல்ல. இன்னிக்கு மார்க் மட்டும்தான் போடுவாங்க. கருத்தரங்கு வெள்ளிக்கிழமை."

"இருக்கட்டும். தேய்ச்சு வெச்சா தேய்ச்சதுதான். மேடையில நீ வாசிக்கும்போது முதல் வரிசையில கசங்கின சட்டையோட உக்காரவா?"

அடுப்படியில் பெரியவள் சாப்பாட்டு டப்பாவின் மூடியை அழுத்தினாள். அது உட்காரவில்லை. இன்னும் பலமாக அழுத்தினாள்.

அவள் முனைவர் பட்டம் வாங்கிய அன்று இதே மாமனார், "டியூட்டி இருக்கும்மா" என்று சொல்லிவிட்டார். அன்று அவருக்கு டியூட்டி இருந்தது உண்மைதான். உண்மை என்பதால் வலிக்காமல் போய்விடுமா?

இந்த வீட்டில் 'படிச்சவ' என்றால் பெரிய மருமகள்தான் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. நர்சிங் கல்லூரியில் ஆராய்ச்சி முறைகள் பாடம் எடுக்கும் விரிவுரையாளர். சின்ன மருமகளோ பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கல்யாணமாகி வந்தவள். மாமியார் படுத்த படுக்கையானபோது அவரைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, கடைசி மூச்சு வரைக்கும் கூடவே இருந்தவள் அவள்தான். மாமியார் போன பிறகு, "நான் நர்ஸ் ஆகப் போறேன்" என்றாள். விண்ணப்பம் வாங்கிவந்து கொடுத்ததே பெரியவள்தான். அதுவரைக்கும் அவள் மனதில் ஒரு கல்மிஷமும் இல்லை.

எல்லாம் அந்தக் கட்டுரையால் வந்தது.

'பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்வது?' என்று தலைப்பு. நோயாளியை வீட்டிலேயே கவனிக்கிறவர்களின் களைப்பைப் பற்றி முதலாண்டு மாணவிகள் எழுத வேண்டிய கட்டுரை. சின்னவள் அதைச் சாப்பாட்டு மேஜையில் வாசித்துக் காட்டினாள். மாமனார் வாங்கித் தன் குரலில் இன்னொரு முறை வாசித்தார். பாதியில் அந்தக் கணீர்க் குரல் உடைந்தது. கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெரியவளின் கணவர் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார்.

"அவ எழுத்துல ஒரு உயிர் இருக்குல்ல?" என்றார் பிறகு, அறைக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டு.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனைவியின் ஆய்வேட்டை ஒரே ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்து ரொம்பப் பொடி, கண்ணு கெட்டுடும்" என்று மூடிவைத்தவர்.

அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். ஆனால் அந்தக் கட்டுரையில் மாமனார் இருந்தார், கொழுந்தன் இருந்தான், மாத்திரை கொண்டுவரும் கடைக்காரர்கூட இருந்தார். அவளுக்குக் கிடைத்தது ஒரே வரி: 'வீட்டில் இன்னொரு பெண்ணும் உண்டு, அவர் வேலைக்குச் செல்கிறார்.'

இன்னொரு பெண்!

மறுநாளே சின்னவள் பென்டிரைவை நீட்டினாள். "அக்கா, காலேஜ்ல ஒரு பிரின்ட் எடுத்துத் தர்றீங்களா? அப்படியே ஒரு கண்ணு பாத்துடுங்க."

பெரியவள் பார்த்தாள். ஆனால் எப்படிப் பார்த்தாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. "எப்படிக்கா இருந்துச்சு?" என்று சின்னவள் கேட்டபோதெல்லாம், "பரவாயில்ல" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

"அக்கா, கிளம்பலாமா?" சீருடையில் வந்து நின்றாள் சின்னவள். முதல் நாள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை போல முகமெல்லாம் பளிச்சென்றிருந்தது.

"ம்" என்றாள் பெரியவள். டப்பா மூடி ஒருவழியாக உட்கார்ந்தது.

*

இறுதியாண்டு வகுப்பில் பாடம் ஓடிக்கொண்டிருந்தபோது அலுவலக உதவியாளர் எட்டிப் பார்த்தார். துறைத்தலைவி உடனே வரச் சொன்னாராம்.

துறைத்தலைவியின் அறை, செய்முறை வகுப்பை ஒட்டியது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பயிற்சி பொம்மை தலையில் கட்டோடு கட்டிலில் படுத்திருந்தது. இந்தப் பக்கம் துறைத்தலைவி அதைவிட அசைவற்று உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க. கொஞ்சம் சங்கடமான விஷயம். உங்க வீட்டுப் பொண்ணோட கட்டுரை."

கணினித் திரையை இவள் பக்கம் திருப்பினார்.

மாணவிகள் தரும் கட்டுரை எதுவானாலும் மதிப்பெண் போடும் முன் ஒரு மென்பொருளில் ஏற்ற வேண்டும் என்பது கல்லூரியின் விதி. வேறு எங்கிருந்தாவது எடுத்த வாக்கியம் இருந்தால் அது மோப்பம் பிடித்து அந்த வரியைச் சிவப்பாக்கும். மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று மேலே போடும். அதனால் அதற்கு 'மோப்பம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சின்னவளின் கட்டுரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சிவந்து கிடந்தது.

"தொண்ணூத்தெட்டு" என்றார் துறைத்தலைவி. "இந்தக் காலேஜ்ல இதுவரைக்கும் யாருக்கும் இவ்வளவு வந்ததில்ல."

பெரியவளின் நெஞ்சுக்குள் யாரோ விசிறிவிட்டது போல ஜில்லென்று இருந்தது.

காப்பி! அந்த உயிர், அந்தக் கண்ணீர், மாமனாரின் உடைந்த குரல், எல்லாம் எங்கிருந்தோ சுட்டதா? அதற்கா சட்டை தேய்த்தார்? அதற்கா இவர் சாப்பாட்டை மறந்தார்?

முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள அவள் படாத பாடு பட்டாள்.

"நம்பவே முடியல மேடம். எங்கேருந்து எடுத்திருக்கா?"

"அதான் வேடிக்கை. இன்டர்நெட்லேருந்து இல்ல. நம்ம காலேஜ் கிடங்குலேயே இருக்கு. ஏற்கெனவே யாரோ ஏத்தின கட்டுரையோட அப்படியே பொருந்துது. அதுவும் போன மாசம் பதினெட்டாம் தேதிதான் ஏத்தியிருக்காங்க. யாருன்னு இந்த ரிப்போர்ட்ல வராது, லைப்ரரி கம்ப்யூட்டர்லதான் தெரியும். அங்க கம்ப்யூட்டர் பாத்துக்கறாரே, பொண்ணுங்க 'சதவீதம்'னு கூப்பிடுவாங்களே, அவரை அதை எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்."

பதினெட்டாம் தேதி.

ஜில்லென்றிருந்த நெஞ்சு அப்படியே உறைந்தது.

பதினெட்டாம் தேதி மாலை ஆசிரியர் அறையில் அவள் மட்டும் இருந்தாள். பிரின்ட் எடுத்து முடித்துவிட்டாள். பென்டிரைவைக் கழற்ற வேண்டியதுதான் பாக்கி. கழற்றவில்லை. கட்டுரையை மோப்பத்தில் ஏற்றினாள்.

ஐந்து சதவீதம் வந்தது. அதாவது சுத்தமான கட்டுரை.

அவள் நம்பவில்லை. மேற்கோள்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மறுபடி ஓட்டினாள். ஒன்பது. அதிலும் சிவந்தது படுக்கைப் புண்ணுக்கான பாடப்புத்தக விளக்கமும் கடைசியில் இருந்த நூல் வரிசையும்தான். சின்னவளின் சொந்த வாக்கியம் ஒன்றுகூட அகப்படவில்லை. மூன்றாவதாக 'முழுச் சோதனை'யில் போட்டாள். ஊரில் உள்ள அத்தனை கல்லூரிகளின் கட்டுரைகளோடும் ஒப்பிடும் சோதனை அது. எங்கேயாவது ஒரு மூலையில் ஒரு வரியாவது மாட்டாதா?

பதினொன்று. அவ்வளவுதான்.

அன்று அவளுக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு விஷயம் மறந்துபோனது. வருடா வருடம் முதலாண்டு மாணவிகளுக்கு அவளே வகுப்பெடுக்கும் விஷயம். 'பார்க்க மட்டும்' என்று போட்டால் மோப்பம் பார்த்துவிட்டு மறந்துவிடும். 'முழுச் சோதனை' என்று போட்டால் அந்தக் கட்டுரையையும் தன் கிடங்கில் போட்டுவைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அதே கட்டுரையை எழுதியவளே கொண்டுவந்தாலும் திருட்டு என்று குரைக்கும்.

சின்னவள் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை. அவள் கட்டுரையே அவளைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தவள் பெரியவள்.

"என்ன, ஒரு மாதிரி ஆயிட்டீங்க?" துறைத்தலைவி பரிவோடு கேட்டார். "வீட்டுப் பொண்ணுன்னா கஷ்டமாத்தான் இருக்கும். பன்னெண்டு மணிக்கு அவளைக் கூப்பிட்டு விசாரிக்கணும். நீங்களும் இருங்க. இதுல உங்களை விடத் தெரிஞ்சவங்க யாரு?"

*

நூலகத்தில் கணினியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு 'சதவீதம்' என்ற பெயர் மாணவிகள் வைத்தது. "இன்னிக்கு வெயில் எண்பது சதவீதம்" என்கிற ரகம்.

பெரியவள் போய் நின்றதும் அவர் எழுந்தே விட்டார். அந்த எழுந்த வேகத்திலேயே, அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

"அந்தப் பழைய ஃபைலை அழிச்சுட முடியுமா?" என்றாள், சுற்றி வளைக்காமல்.

"அழிக்கலாம் மேடம். ஆனா அதுக்குத் துறைத்தலைவி கையெழுத்து வேணும்."

"அவங்களுக்குத் தெரியாம?"

அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "எனக்கு எதுக்கு மேடம் வம்பு? சிவப்பா இருந்ததை அவங்க காலையிலயே பாத்துட்டாங்க. மத்தியானம் திடீர்னு வெள்ளையாச்சுன்னா என்ன பேசுவாங்க? 'அக்கா காலேஜ்ல இருக்கா, துடைச்சு விட்டுட்டா'ம்பாங்க. அந்தப் பொண்ணு பேரு அப்பதான் நூறு சதவீதம் கெடும்."

அது சரிதான் என்று அவளுக்கே தெரிந்தது.

திரையில் பதினெட்டாம் தேதிக்கு நேரே அவள் பெயர் வரிசையாக மூன்று முறை இருந்தது. ஐந்து. ஒன்பது. பதினொன்று. பசிக்குத் தின்கிறவன் போல, போதாமல் போதாமல் அவள் கேட்டு வாங்கிய எண்கள்.

அவரும் அந்த மூன்று வரிகளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்ததுதான் அவளைக் கூசவைத்தது.

"துறைத்தலைவி மேடம், யார் ஏத்தினதுன்னு கேட்டா நான் சொல்லித்தானே ஆகணும்?" என்றார், மன்னிப்புக் கேட்பது போல.

"சொல்லுங்க" என்றாள். "ஆனா நான் முதல்ல சொல்லிடறேன்."

*

பன்னிரண்டு மணிக்குச் சின்னவள் துறைத்தலைவியின் மேஜை முன் நின்றாள். காலையில் பார்த்த பளிச்சென்ற முகம் எங்கே போயிற்றோ. வகுப்பு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. வரும் வழியில் யாரோ சிரித்திருக்க வேண்டும், காது சிவந்திருந்தது.

"உண்மையைச் சொல்லிட்டா தண்டனை குறையும்" என்றார் துறைத்தலைவி. "யார்கிட்டேருந்து எடுத்தே?"

"எங்க மாமியார்கிட்டேருந்து மேடம்."

"என்னது?"

"அவங்க படுத்திருந்தாங்க. நான் பக்கத்துல இருந்தேன். அங்கேருந்துதான் எடுத்தேன். வேற எங்கேருந்து எடுக்கறதுன்னு எனக்குத் தெரியாது."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒரு மாணவி பொம்மையின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

வெட்கக்கேடு என்னவென்றால், அந்த நிமிஷத்திலும் பெரியவளுக்குப் பொறாமையாக இருந்தது. குற்றவாளியாக நிற்கும்போதுகூட இவளுக்கு இப்படி ஒரு வாக்கியம் எங்கிருந்து வருகிறது? பதினைந்து வருஷம் பாடம் நடத்தியும் எனக்கு ஏன் வரவில்லை?

துறைத்தலைவி தொண்டையைச் செருமினார். "சரி. இந்தக் கட்டுரையை வேற யார்கிட்டயாவது குடுத்தியா?"

"அக்காகிட்ட மட்டும்தான், பிரின்ட் எடுக்க." சின்னவள் திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் துளி சந்தேகம் இல்லை. "அவங்ககிட்டேருந்து வெளியே போயிருக்கவே போயிருக்காது மேடம். அக்கா அப்படிப்பட்டவங்க இல்ல."

கதவு திறந்தது. கையில் ஒரு தாளோடு சதவீதம் நின்றார்.

"நான்தான் மேடம்" என்றாள் பெரியவள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பதினெட்டாம் தேதி ஏத்தினது நான்தான். பிரின்ட் எடுக்கும்போது, அப்படியே ஒரு தடவை..." உண்மை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அதைத் தாண்டி வேறொன்று முந்திக்கொண்டு வெளியே வந்தது. "புதுசா எழுதறவ. தெரியாம எங்கேயாவது தப்பு பண்ணியிருந்தா முன்னாடியே திருத்திடலாமேன்னு, அவ நல்லதுக்காகத்தான் செக் பண்ணேன். தெரியாம முழுச் சோதனையில போட்டுட்டேன்."

துறைத்தலைவி ஒரு கணம் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அட கடவுளே! காலையிலயே சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு மணி நேரமா இந்தப் பொண்ணைச் செத்துப் பிழைக்க வெச்சுட்டோமே!"

"எனக்கே இப்பதான் பொறி தட்டிச்சு மேடம்."

சதவீதம் தன் கையிலிருந்த தாளை மடித்தார். இன்னொரு மடிப்பு மடித்தார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சின்னவள் ஓடிவந்து பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக, "நான் பயந்தே போயிட்டேன்க்கா. நீங்க எனக்காக இவ்வளவு பாத்தீங்களா? சொல்லவே இல்லையே!" என்றாள்.

"குடுத்து வெச்ச பொண்ணும்மா நீ" என்றார் துறைத்தலைவி. "வெள்ளிக்கிழமை மேடையில வாசிச்சு முடிச்சதும் உங்க அக்காவுக்கு ஒரு நன்றி சொல்லிடு. எல்லாரும் கேக்கட்டும்."

*

சாயங்காலம் வீட்டில் அதுவே பேச்சு.

சின்னவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். மாமனார் நடுக்கூடத்தில் எழுந்து நின்று, "எல்லோரும் கவனிக்கவும்!" என்று ஆரம்பித்துவிட்டார். "இந்த வீட்டுப் பெரிய மருமகள், ஓரகத்தியோட கட்டுரையை, யாரும் கேக்காமலே எடுத்துப் பாத்து..." வீட்டுப் பிள்ளைகள் கைதட்டினார்கள். கொழுந்தன் கையெடுத்துக் கும்பிட்டான்.

கணவர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அவளையே பார்த்தார். "நீ இவ்வளவு அக்கறையா இருந்திருக்கே. எனக்கே தெரியாதே" என்றார்.

இந்தப் பார்வைக்குத்தானே அவள் ஏங்கிக் கிடந்தாள்? இதோ, கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. சின்னவளுக்குக் கிடைத்ததைவிட ஒரு பிடி கூடவே. ஆனால் ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. அடுத்தவள் இலையிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டது போல நெஞ்சில் நின்றது.

சாப்பாடு முடிந்தது. அடுப்படியில் இரண்டு பேரும் பாத்திரம் கழுவினார்கள். பெரியவள் தேய்த்துக் கொடுத்தாள், சின்னவள் அலசித் துடைத்து அடுக்கினாள். கூடத்தில் மாமனார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அன்னிக்குச் செக் பண்ணப்ப எவ்வளவு வந்துச்சு?"

"அஞ்சு."

"அஞ்சுன்னா நல்லதுதானே?"

"ரொம்ப நல்லது."

சின்னவள் ஒரு தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

"அப்ப ஏன்க்கா என்கிட்ட சொல்லல? எத்தனை தடவை கேட்டேன், எப்படி இருந்துச்சுன்னு. தப்பு இருந்தா திருத்தறதுக்குத்தானே பாத்தீங்க? தப்பே இல்லேன்னு தெரிஞ்சதும் ஓடிவந்து சொல்லியிருப்பீங்களே. நானா இருந்தா பஸ் ஸ்டாப்புலேயே கத்தியிருப்பேன்."

குரலில் கோபம் இல்லை. கணக்கு உதைக்கிறதே என்று கேட்கிற பிள்ளையின் குரல். பெரியவள் குழாயை மூடினாள்.

இன்னொரு பொய் சொல்லலாம். மறந்துட்டேன், வேலை அதிகம், தலைவலி. வரிசையாக வந்து நின்றன.

"மூணு தடவை ஓட்டினேன்" என்றாள். "அஞ்சு வந்துச்சு. போதல. மறுபடி ஓட்டினேன். போதல. நீ எங்கேயாவது மாட்டணும்னு ஓட்டினேன்."

சின்னவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"ஏன்?"

"தெரியல." பிறகு, "தெரியும்" என்றாள். "இந்த வீட்டுல படிச்சவன்னு ஒரு இடம் எனக்கு இருந்துச்சு. அதை நீ ஒரே ஒரு கட்டுரையில எடுத்துக்கிட்டே. அதுல எல்லாரும் இருந்தாங்க. நான் மட்டும் 'இன்னொரு பெண்'."

சின்னவள் அடுக்கிவைத்த தட்டுகளை இன்னொரு முறை நேராக்கினாள். பேசியபோது குரல் மாறியிருந்தது.

"உங்களைப் பத்தி ஒரு முழுப் பக்கம் எழுதினேன்க்கா. தினமும் காலையில நீங்க பையை மாட்டிக்கிட்டுக் கிளம்புவீங்க. நான் அத்தையைத் திருப்பிப் போட்டுக்கிட்டே ஜன்னல் வழியாப் பாப்பேன். உங்க செருப்புச் சத்தம் தெருவுல போறதைக் கேட்டா எனக்கு வயிறு எரியும். ஒரு நாளாவது நீங்க இருங்க, நான் போறேன்னு கத்தணும் போல இருக்கும். அதையெல்லாம் எழுதினேன். படிச்சுப் பாத்தா, பக்கம் பூரா குறை. அக்கா மனசு கஷ்டப்படுமேன்னு கிழிச்சுப் போட்டுட்டு அந்த ஒரு வரியை எழுதினேன்."

பெரியவளின் கைகளிலிருந்து சோப்பு நுரை சொட்டியது.

"நான் எரிஞ்சதைக் கிழிச்சுப் போட்டேன்" என்றாள் சின்னவள். "நீங்க ஏத்திட்டீங்க."

"தப்புதான். என்னை..."

"மன்னிப்பெல்லாம் இப்பக் கேக்காதீங்க. எனக்கு வராது." கண்ணில் நீர் கட்டியிருந்தது, விழவிடவில்லை. "மாமாகிட்டயோ, அவர்கிட்டயோ நான் போய்ச் சொல்ல மாட்டேன். அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். ஆனா வெள்ளிக்கிழமை மேடையில உங்களுக்கு நன்றி சொல்லச் சொல்லியிருக்காங்க. அதையும் நான் சொல்ல மாட்டேன். முதல் வரிசையில மாமா உக்காந்திருப்பாரு. ஏம்மா அக்காவுக்கு நன்றி சொல்லலேன்னு எல்லாரும் கேப்பாங்க. அதுக்கு என்ன பதில்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

"பெரிய பொண்ணு!" கூடத்திலிருந்து மாமனாரின் குரல் அதிர்ந்தது. "இங்க வாம்மா! சம்பந்தி அம்மா லைன்ல இருக்காங்க!"

பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மாமனாரின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. கணவர் நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"என்னடி, உன் மாமனார் உன்னைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடறாரு?" அம்மாவின் சிரிப்பு. "அவர் சொல்றது ஒண்ணும் எனக்குப் புரியல. என்னமோ கட்டுரைங்கறாரு, காப்பாத்தினேங்கறாரு. நீயே சொல்லு. அப்படி என்னதான் பண்ணே?"

அடுப்படி வாசலில் சின்னவள் வந்து நின்றாள். அவளும் மற்றவர்களைப் போலக் காத்திருந்தாள்.

பெரியவள் ஒருமுறை எல்லோரையும் பார்த்தாள். மாமனார், கணவர், கொழுந்தன், தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகள்.

"சொல்றேம்மா" என்றாள். "கொஞ்சம் இரு. ஸ்பீக்கர்ல போடறேன். இங்க இருக்கறவங்களுக்கும் இன்னும் தெரியாது."

போனை மேஜை மேல் வைத்து அந்தப் பொத்தானை அழுத்தினாள்.